காத்தல் என்னும் தொழில்

1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் தேதியன்று திருநெல்வேலியில் திரண்டிருந்த ஜனங்களிடையே மகாத்மா காந்தி ஆற்றிய உரை, தாமிரபரணிக் கரையில் பேசப்பட்டதாயினும், கங்கைச் சமவெளியில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரத்தைப் பற்றியது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், நேபாளத்தின் கிழக்குப் பகுதியில் தோன்றிய பூகம்பம், வட பீகாரத்தைச் சில நிமிஷங்களுக்குள் உருக்குலைத்துவிட்டது. மோங்கீர் நகரத்துக் கடைவீதி செங்கற் குவியலாயிற்று. சீதாமடி, மதுபனி, மோதிஹாரி வட்டாரங்களில் வயல்கள் பிளந்து, மணலும் நீரும் ஊற்றெடுத்துப் பொங்கி நிலத்தை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. இரு தேசங்களிலுமாக 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹரிஜன சேவையின் பொருட்டு நாடெங்கும் யாத்திரை செய்துகொண்டிருந்த காந்தியடிகள், அந்தச் செய்தியின் பாரத்தை நெஞ்சில் சுமந்தவராய்த் தென்பாண்டி நாட்டுக்கு வந்து, தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாக அன்று கூறினார்.

அந்த வார்த்தை பலரைத் திகைக்க வைத்தது. பீகாருக்குச் சென்று, மண்வெட்டி எடுத்துத் தம் கையாலேயே இடிபாடுகளைத் தோண்டிய ஜவாஹர்லால் நேரு, அதைப் படித்துத் தாம் திடுக்கிட்டதைப் பின்னாளில் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். ரவீந்திரநாத தாகூரோ, தீண்டாமையை வெறுப்பதில் காந்திக்கு ஒரு படியும் பின்தங்காதவர். 1932-இல் எரவாடாச் சிறையில் காந்தி தம் உபவாசத்தை முடித்த வேளையில் உடனிருந்தவர். அப்படிப்பட்டவரே இப்போது மறுத்து எழுதினார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்பதும், நம்முடைய பாவங்கள் எவ்வளவு பெரியவையாயினும் சிருஷ்டியின் அஸ்திவாரத்தையே ஆட்டும் வலிமை அவற்றுக்கு இல்லை என்பதும் அவருடைய வாதம். குற்றம் செய்தவன் எங்கோ சுகமாக இருக்க, ஒன்றும் அறியாத குழந்தையின் மேல் கூரையை விழச் செய்து நீதி புகட்டுகிற தெய்வத்தைக் காட்டிலும் சாதாரண மனிதனே மேலானவன் ஆகிவிடமாட்டானா என்று அவர் கேட்டார். இதே தர்க்கத்தைக் காந்தியின் எதிரிகளும் கையாளலாமே, தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதற்காகவே தெய்வம் கோபித்தது என்று அவர்கள் சொன்னால் யார் மறுக்க முடியும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். காந்தி அந்த அறிக்கையைத் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிப்ரவரி 16-ஆம் தேதி வெளியிட்டு, உடன் தம் விடையையும் எழுதினார். தம்முடைய நம்பிக்கையைத் தம்மால் நிரூபிக்க இயலாது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவனன்றி ஓரணுவும் அசையாது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த சிரத்தையிலிருந்து அவர் இம்மியும் பெயரவில்லை.

இந்தப் பழைய விவாதத்தை இப்போது கிளறுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில காலத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில், பூகம்பம் நேர்ந்தால் தப்புவது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்திக் காட்டினார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் மேசைகளுக்கடியில் புகுந்து, தலையைக் கவிழ்த்து, ஒரு கையால் பிடரியை மூடிக்கொண்டு, மறு கையால் மேசைக் காலைப் பற்றிக்கொண்டார்கள். வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான காவற்காரர் என் பக்கம் திரும்பி, “காலையில பிரேயர்ல எல்லாம் அவன் செயல்னு பாடுறாங்க, மத்தியானம் மேசைக்கடியில பதுங்கச் சொல்றாங்க. ரெண்டுல எது சார் நிஜம்?” என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விடை தேவையாயிருந்தது. எனக்கோ அந்த க்ஷணத்தில் விடை தெரியவில்லை. திருநெல்வேலியில் காந்தி கிளப்பிய வினாவும் அந்தக் காவற்காரர் கேட்ட வினாவும் ஒன்றே என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கிற்று. அழிவு இறைவனிடமிருந்து வருவதாயின், அதற்குத் தப்ப முயல்வது அவன் ஆணைக்குத் தப்ப முயல்வதாகாதா? லிஸ்பன் நகரத்தை 1755-இல் பூகம்பம் அழித்தபோது, மலக்ரிதா என்ற ஏசு சபைப் பாதிரியார் இதே வினாவை விடையாகவே மாற்றி, அது தேவ கோபமேயன்றி இயற்கை நிகழ்ச்சி அன்று என்று ஒரு பிரசுரம் எழுதினார். குடிசை போட்டுக்கொள்வதிலும் தங்குமிடம் தேடுவதிலும் காலம் கழிப்பதை விட்டு, ஜனங்கள் பாவ விமோசனம் தேட வேண்டும் என்பது அவர் போதனை. தண்டனை என்னும் கொள்கையை அதன் எல்லை வரை கொண்டுபோனால் அது இந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

அக்கொள்கையைச் சிறிது சோதித்துப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, ஏழை நாடாகிய ஹெயிட்டியில் 7.0 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி சிலி நாட்டில் 8.8 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. வெளிப்பட்ட சக்தியைக் கணக்கிட்டால் அது முன்னதைப் போல் ஏறக்குறைய 500 மடங்கு. ஆயினும் அங்கே மாண்டவர் சுமார் 500 பேரே. தண்டனை என்று கொண்டால், ஐந்நூறு மடங்கு சினந்த தெய்வம் இருநூற்றில் ஒரு பங்குகூடத் தண்டிக்கவில்லை என்று ஆகும். இதற்கு விளக்கம் வானத்தில் இல்லை. சிலி தேசத்தார் 1960-ஆம் ஆண்டில் 9.5 அளவுள்ள பூகம்பத்தை, கருவிகள் பதிவு செய்தவற்றுள் மிகப் பெரியதை, அனுபவித்தவர்கள். வீடு கட்டுவது எப்படி என்பதைச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் மதித்தும் நடந்தவர்கள். ஹெயிட்டியிலோ, கம்பியும் சிமெண்டும் வாங்க வகையற்ற ஏழைகள், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்ட வீடுகளே அவர்களுக்குச் சமாதியாயின.

நம் தேசத்திலேயே இதைவிடத் துலக்கமான உதாரணம் இருக்கிறது. மராட்டியத்தின் லாத்தூர் ஜில்லாவில் கில்லாரி என்னும் ஊரைச் சுற்றிய கிராமங்கள், 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதியன்று விநாயக விழாவை முடித்து, பிள்ளையாரை நீரில் விட்டுவிட்டு, இரவு நெடுநேரம் கழித்துக் கண்ணயர்ந்தன. விடியுமுன், 3 மணி 56 நிமிஷத்துக்கு, நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சி 6-க்குச் சற்று மேற்பட்ட அளவே. பூகம்பங்களின் வரிசையில் நடுத்தரமானது. ஆயினும் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்திருக்கவேயில்லை. அவ்வூர்ச் சுவர்கள் வெயிலுக்கும் கள்வருக்கும் அஞ்சி, உருண்டைக் கற்களைச் சேற்றில் பதித்து, இரண்டடிக்கும் மேலான கனத்தில் எழுப்பப்பட்டவை. கூரையின்மேல் கனமான மண் மெத்தப்பட்டவை. எந்தச் சுவரைப் பார்த்து, இனி நமக்குப் பயமில்லை என்று அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்களோ, அந்தச் சுவரே அவர்கள்மேல் சரிந்தது. அதே இரவில், அதே நிலத்தின்மேல், கீற்றும் புல்லும் வேய்ந்த குடிசைகளில் படுத்திருந்த எளியோர் பலர், கூரை விழுந்தும் சாகாமல் எழுந்து வெளியே வந்தனர். பக்தியிலே குறைவா மாண்டவர்களுக்கு? விழா முடித்த களைப்பில் அல்லவா உறங்கினார்கள்! அவர்களுடைய பாவ புண்ணியத்தை எந்தத் தராசில் இட்டாலும் அந்த இரவின் கணக்கு நேராகாது. சுவரின் கனத்தையும் கூரையின் பாரத்தையும் இட்டால் உடனே நேராகிவிடுகிறது.

ஆகையால் தாகூர் சொன்னதே முடிவு, காந்தி சொன்னது பிழை என்று தீர்த்துவிட்டுப் போகலாமா? நெடுநாள் நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி கட்சுப் பிரதேசத்தில் பூகம்பம் நேர்ந்தபோது, அதன் மையத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் அப்பாலிருந்த ஆமதாபாத்தில், பல அடுக்குமாடிக் கட்டடங்கள் மடிந்து விழுந்தன. வாகனம் நிறுத்த வேண்டுமென்று கீழ்த்தளம் முழுவதையும் வெறுந்தூண்களாக விட்டு, அதன்மேல் நான்கைந்து மாடிகளை ஏற்றியிருந்தார்கள். அதிர்ச்சியில் கீழ்த்தூண்கள் வளைந்தன, மேல்மாடிகள் இறங்கின. தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையத்தை, நம் ஊர்க் கம்பி வேலைக்காரர்கள் 'ரிங்' என்று சொல்கிற அந்தச் சிறு கம்பியை, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று இட வேண்டும், அதன் நுனியை எவ்வளவு உள்மடித்துவிட வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. பத்து வளையம் இட வேண்டிய இடத்தில் ஆறு வளையம் இட்டுவிட்டு, கலவையில் மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்துவிட்டுப் பூசி மறைத்தால், வெளியே தெரியாது. வரைபடத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டவனுக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பூமி ஒருநாள் அசைந்து கேட்கும்போதுதான் தெரியும்.

காந்தி கண்ட சம்பந்தம் பொய்யன்று என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான். மனிதன் செய்த பாவத்துக்கும் பூகம்பத்தில் நேரும் சாவுக்கும் மெய்யாகவே ஒரு பந்தம் உண்டு. அந்தப் பந்தம் வானத்தைச் சுற்றிக்கொண்டு வருவதாக அவர் எண்ணினார். அது சுவரின் வழியாக வருகிறது. கர்மம் என்பது செய்தவனையே சென்று பற்றும் என்பது நம் சாஸ்திரங்களின் கொள்கை. இவ்விஷயத்திலோ, கம்பியைத் திருடியவன் வீட்டை விற்றுப் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுகிறான். அவன் வினையின் பயன், அவனை ஒருநாளும் பார்த்திராத ஒரு குடும்பத்தின்மேல், அவர்கள் உறங்கும்போது இறங்குகிறது. ஆதலால் பூகம்பத்துக்குப் பின் பாவத்தைத் தேடியே தீர வேண்டுமென்றால், செத்தவருடைய பூர்வ ஜன்மத்தில் தேட வேண்டாம். இடிந்த தூணை உடைத்து, வளையத்தை எண்ணிப் பார்க்கலாம்.

பூமியின்மேல் மட்டும் குற்றம் சுமத்த இடமில்லை. பொறுமைக்கு உவமையாக நாம் நிலமகளைச் சொல்லி வந்திருக்கிறோம். அவள் நடுங்கும்போது சினம் கொண்டாள் என்கிறோம். அல்லது ஆதிசேஷன் தலை மாற்றிக்கொண்டான் என்கிறோம். பாரத பூமியைத் தாங்கிய பெரும்பாறைத் தட்டு, வருஷத்துக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர், நம் விரல்நகம் வளர்கிற வேகத்தில், வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முட்டலில் உயர்ந்ததே இமயம். இமயத்தில் பிறந்தவையே கங்கையும் கண்டகியும் கோசியும். அவை கொண்டுவந்து கொட்டிய வண்டலே பீகாரத்தின் நன்செய். நூற்றாண்டுக் கணக்காக நெரிந்து சேர்ந்த அழுத்தம் ஒருநாள் வழுக்கி விடுபடுவதே பூகம்பம். சோறு தந்த காரணமும் சாவு தந்த காரணமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றுக்கு இறைவனை வாழ்த்திவிட்டு மற்றொன்றுக்கு மட்டும் நீதி கேட்பது நியாயமாகப் படவில்லை. இரண்டையும் உள்ளபடி ஏற்றுக்கொண்டு, நடுங்குகிற நிலத்தில் வீடு கட்டுகிறோம் என்பதை மறவாமல் கட்டுவதே நம்மால் ஆவது.

விதி விதி என்று ஓய்ந்திருப்போருக்கும் ஒரு சொல் உண்டு. நம்மவருக்கு விதியைப் பற்றிய நூல் எதுவென்று கேட்டால் திருக்குறளின் 'ஊழ்' அதிகாரத்தைக் காட்டுவார்கள். அதே நூலில், அதே ஆசிரியர், 'ஆள்வினையுடைமை' என்று மற்றோர் அதிகாரமும் செய்திருக்கிறார். தளராது முயல்கிறவன் ஊழையே புறமுதுகிடச் செய்வான் என்னும் கருத்து அங்கே இருக்கிறது. இரண்டையும் எழுதிய வள்ளுவர் தம் வார்த்தையை மறந்தவர் அல்லர். நிலம் எப்போது நடுங்கும் என்பது ஊழின் பாற்பட்டது. நாளும் நாழிகையும் குறித்துச் சொல்ல இன்றுவரை எந்த விஞ்ஞானிக்கும் வல்லமை இல்லை. நடுங்கும்போது நம் தலைமேல் என்ன இருக்கும் என்பது ஆள்வினையின் பாற்பட்டது.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுட்பமாகச் சொல்ல வழி தருகிறது. இறைவனுடைய தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். தில்லைக் கூத்தனின் ஒரு கை உடுக்கை ஒலிக்க, ஒரு கை அனலை ஏந்த, இன்னொரு கை அஞ்சேல் என்று அமர்த்துகிறது. அழிக்கும் நெருப்பும் அபயம் தரும் கையும் ஒரே திருமேனியில் இருக்கின்றன. நெருப்பை ஏந்தியதற்காக அபயக் கையை அவன் மடக்கிக்கொள்ளவில்லை. இந்த ஐந்தில், அழிவு ஏன் வந்தது, இவர் ஏன் மாண்டார், அவர் ஏன் பிழைத்தார் என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை மறைத்தல் என்னும் தொழிலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதைத் திறந்து பார்த்துவிட்டதாகச் சொல்கிறவன், அவன் எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும், இறைவனிடத்திலிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு பேசுகிறான். காத்தல் ஒன்றே, கடுகளவேனும், மனிதனுடைய கையிலும் விடப்பட்டிருக்கிறது. குழந்தையை மேசைக்கடியில் இழுத்து, அதன் தலைமேல் தன் உடம்பைக் கவிழ்க்கிற தாய், இறைவனுடைய ஆணையை மீறவில்லை. அவன் தொழிலில் ஒன்றைச் சற்று நேரம் வாங்கிச் செய்கிறாள்.

அந்தத் தொழிலுக்கும் ஓர் அனுஷ்டான முறை உண்டு. அது பூகம்பத்துக்கு முன்னரே தொடங்குவது. படுக்கைக்கு மேலே பரணில் பித்தளை அண்டாவை ஏற்றி வைத்திருப்பவனும், நெட்டையான பீரோவைச் சுவரோடு பிணைக்காமல் தொட்டிலருகே நிறுத்தியிருப்பவனும், எத்தனை தோத்திரம் சொன்னாலும் முதற்கடமையைச் செய்யாதவர்களே. அதிர்ச்சி தொடங்கிய கணத்தில் உடம்பு 'ஓடு' என்று கட்டளை இடும். அறிவோ 'அமர்' என்று சொல்லும். அப்போது அறிவின் சொல்லைக் கேட்பதற்குப் பழகியிருக்க வேண்டும். பெரும்பாலான அதிர்ச்சிகள் சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிஷம் வரையில் அடங்கிவிடுகின்றன. அந்நேரத்தில் படிக்கட்டில் நெருக்கியடித்து ஓடுகிறவர்களும், ஜன்னற் கண்ணாடியருகே நிற்பவர்களும், லிஃப்டுக்குள் புகுகிறவர்களுமே மிகுதியும் ஆபத்துக்கு ஆளாகிறார்கள். கீழே முழந்தாளிட்டு, உறுதியான மேசைக்கடியில் புகுந்து, பிடரியை மூடி, மேசைக் காலை விடாது பற்றியிருப்பதே உத்தமம். மேசை இல்லாவிடில், கண்ணாடிக்கும் அலமாரிக்கும் விலகி, உட்சுவரோரம் குந்தித் தலையைக் காக்கலாம். படுக்கையிலிருப்பவன் தலையணையால் தலையை மூடி அங்கேயே கிடக்கலாம். மண்சுவர் வீட்டின் தரைத்தளத்தில், ஓரிரு எட்டில் திறந்தவெளி இருக்குமானால் மட்டும் வெளியேறிவிடுவது மேல். வெளியே நிற்பவன் மதிற்சுவரையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நிற்க வேண்டும். குறுகிய சந்து எவ்வளவு கொடியது என்பதற்குக் கட்சுப் பிரதேசத்து அஞ்சார் நகரம் சாட்சி. அந்த 2001-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று, கொடியேந்தித் தெருவில் அணிவகுத்துச் சென்ற பள்ளிப் பிள்ளைகள்மேல் இரு பக்கத்து வீடுகளும் சரிந்தன.

அதிர்ச்சி ஓய்ந்த பின்னர் வரும் காலமே மனத்தை மிகுதியும் சோதிப்பது. பின்னதிர்வு வரும் என்று எதிர்பார்த்தே ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும். முதல் அதிர்ச்சியில் விரிசல் விட்ட சுவரைப் பின்னதிர்வு வீழ்த்திவிடும். பெட்டியில் இருந்த நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் விரிசல் கண்ட வீட்டுக்குள் திரும்பிப் போய் மாண்டவர்கள் உண்டு. பற்றை விடு என்று ஞானிகள் ஆயிரம் ஆண்டாகச் சொல்லி வந்ததை, அன்று ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காஸ் சிலிண்டரை மூடாமல், வாயு கசிகிறதா என்று முகர்ந்து பாராமல், விளக்கேற்றத் தீக்குச்சி கிழிப்பதும் மின் விசையைத் தட்டுவதும் கூடாது. இடிபாட்டுக்குள் சிக்கியவன், ஓயாமல் கூவித் தூசியை விழுங்கி மூச்சை இழப்பதைக் காட்டிலும், வாயைத் துணியால் மூடிக்கொண்டு, கையில் அகப்பட்டதைக் கொண்டு குழாயையோ சுவரையோ விட்டுவிட்டுத் தட்டுவதே பயன் தருவது. கடலோரத்தில் வாழ்கிறவன், நெடுநேரம் நீடித்த அதிர்ச்சியை உணர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கக் கண்டாலும், யாருடைய எச்சரிக்கைக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்க வேண்டும். சுமத்ராவுக்கு அருகே சிமெலு என்னும் தீவில், 1907-ஆம் ஆண்டில் கடல் ஏறி வந்த கதையை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் முடிந்து, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, பூகம்பத்தின் மையத்துக்கு வெகு அருகில் இருந்தும், 70,000-க்கும் மேற்பட்ட அத்தீவு மக்களில் மாண்டவர் பத்துப் பேருக்கும் குறைவு. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நம்மிடம் அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்திரிகர்களும், நாகப்பட்டினத்து மீனவர்களும், அலை வருவதைக் கண்ட பிறகே அலை வருகிறதென்று அறிந்தார்கள்.

இவை அனைத்தினும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. அது நிலத்திலிருந்து வருவதில்லை. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, நண்பகல் உணவு அடுப்பிலிருந்த வேளையில், ஜப்பானின் டோக்கியோ, யோக்கோஹாமா நகரங்களைப் பூகம்பம் தாக்கிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தீயினால், மாண்டனர். தேசம் ஆடம்பரத்தில் மூழ்கியதற்கு வானம் விதித்த தண்டனை இது என்று அங்கேயும் பெரியோர் சிலர் பேசினார்கள். தெருக்களிலோ வேறொரு பேச்சு பரவிற்று: கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று. அந்த வதந்தியை நம்பித் தடியும் ஈட்டியும் ஏந்திய கும்பல்கள், குற்றமற்ற கொரியர்களை ஆயிரக்கணக்கில் கொன்று தீர்த்தன. இவ்விரு பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது என் மனம் கலங்குகிறது. பெரியோர் சொன்னதில் வன்மம் இல்லை. கும்பல் செய்தது முழுதும் வன்மமே. ஆயினும் இரண்டும் ஒரே பசியிலிருந்து எழுந்தவை: இவ்வளவு பெரிய துன்பத்துக்குக் குற்றவாளி ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்கிற பசி. மகான்களிடத்தில் அது ஆத்ம சோதனையாகிறது. கும்பலிடத்தில் அயலானுடைய கழுத்தைத் தேடுகிறது.

காந்தி தம்மைச் சேர்த்தே குற்றவாளி என்றார் என்பதை மறக்கலாகாது. பிறர்மேல் பழியைச் சுமத்திவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை. மார்ச் மாதத்தில் அவர் பீகாருக்கே சென்று, பாழ்பட்ட கிராமங்களில் அலைந்தார். பூகம்பத்தின்போது நோயுற்றுக் கைதியாயிருந்த ராஜேந்திர பிரசாத் விடுதலையாகி நிவாரணப் பணியின் தலைமையை ஏற்றார். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா, வந்து குவிந்த நன்கொடைக்கு அணா பிசகாமல் கணக்கு வைத்தார். மோங்கீரில் ஒருவன் தோண்டிய மண்ணும், பாட்னாவில் ஒருவர் எழுதிய கணக்கும் காத்தலின் பாற்பட்டவையே. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, பூகம்பம் எந்தப் பாவத்துக்காக வந்தது என்னும் வினா தானாகவே பின்வாங்கிக்கொண்டது.

ஆயினும் திருநெல்வேலி உரையை நான் தள்ளிவிடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004-ஆம் ஆண்டுக் கடல் அழிவுக்குப் பின், நாகப்பட்டினக் கரையோர நிவாரண முகாம்களில், தாழ்த்தப்பட்டவர் என்று பெயரிடப்பட்டவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதாகவும், குடிநீருக்குக்கூட அவர்கள் தடுக்கப்பட்டதாகவும் செய்திகள் வெளிவந்தன. வீடும் படகும் கோயிலும் விழுந்துவிட்டன. தீண்டாமை ஒரு கீறலுமின்றி இடிபாட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்துவிட்டது. தீண்டாமை பூகம்பத்தைக் கொண்டுவருவதில்லை என்பதில் தாகூர் சொன்னதே சரி. பூகம்பமும் தீண்டாமையைக் கொண்டுபோவதில்லை. அதைப் பற்றித்தான் காந்தி, தவறான ஒரு காரணத்தைச் சொல்லியேனும், தாமிரபரணிக் கரையில் எச்சரித்திருக்கிறார் என்று கொள்கிறேன். காக்கும் தொழிலில், இவனைக் காப்பேன், அவனைக் காக்கமாட்டேன் என்று வரிசை பிரிக்கத் தொடங்கியவன், அத்தொழிலை விட்டே விலகிவிடுகிறான்.

அந்தக் காவற்காரரை மறுபடி சந்தித்தபோது, இரண்டும் நிஜம்தான் என்று சொன்னேன். காலையில் பாடுவது நமக்கு மறைக்கப்பட்டதைக் குறித்தது, மத்தியானம் பதுங்குவது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் குறித்தது என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்படின்னா வீட்டுல போய் முதல்ல பரணைக் காலி பண்ணணும் சார்” என்றார். என் உபதேசத்தைவிட அது மேலான வியாக்கியானமாக எனக்குப் பட்டது. அன்றிரவு நானும் என் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். கட்டிலில் தலைமாட்டுக்கு நேர் மேலே, கனத்த மரச்சட்டமும் கண்ணாடியும் போட்ட நடராஜர் படம் ஒன்று பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உறங்குமுன் கைகூப்புவதற்கு வசதியாக என் தகப்பனார் மாட்டியது. நாற்காலி போட்டு ஏறி, அதைக் கழற்றித் துடைத்து, எதிர்ப்புறம் தரையோரமாக ஒரு மணைமேல் சார்த்தி வைத்தேன். படுத்தபடியே பார்த்தால் இப்போது அந்த அபயக் கை நேராகத் தெரிகிறது.